பிறந்த வீட்டுக் கோடியும் ஆறு ரோஸ் நோட்டும்

1

போன வாரம் அன்டனிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி வந்தது. அன்டன் என் அக்கா ஜெசிந்தாவின் மகன். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் மேனேஜராக இருக்கிறான்.

"மாமா, அம்மாவுக்கு அடுத்த மாசம் வருசப் பூசை வருது. மாமியையும் பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. பணங்கிணம் ஒண்ணும் மாத்திக்கிட்டு அலையாதீங்க. வெறுங்கையோட வாங்க, போதும். எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

நல்ல பிள்ளை. மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனாலும் அந்த 'வெறுங்கையோட' என்ற இடம் வந்ததும் செய்தியை நிறுத்தினேன். மறுபடி போட்டுக் கேட்டேன். இன்னொரு தடவையும் போட்டேன்.

என் மனைவி ரெஜினா இங்கே கொழும்பில், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒருக்கா கேட்டா விளங்காதா? என்னத்துக்குத் திருப்பித் திருப்பிப் போடுறீங்க?" என்றாள்.

"ஒன்றுமில்லை" என்றேன். ஒரு வருடமாக இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே யாரிடமும் சொல்ல முடியாததை ஊரில் முகம் தெரியாத உங்களிடம் எழுதுகிறேன். உங்களுக்காவது துக்க வீட்டுக் கோடி என்றால் என்னவென்று நான் நீட்டி விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

2

நான் கொழும்புக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவனை, வெங்காயமும் வத்தலும் இறக்குகிற புறக்கோட்டைக் கடை ஒன்றுக்குக் கணக்குப் பார்க்க அனுப்பினார்கள். ஆறு மாதம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆறு மாதம் கல்யாணமாகி, கல்யாணம் பிள்ளையாகி, பிள்ளைக்கு இப்போது பத்தொன்பது வயது. பாஸ்போர்ட்டை மட்டும் மாற்றவில்லை. இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். வருடா வருடம் வதிவிட விசாவைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கிறேன். கவுண்டரில் இருக்கிற பெண் சிங்களத்தில் கேட்பாள், நான் சிங்களத்தில் சொல்வேன், அவள் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். ஊருக்குப் போனால் வேறு கூத்து. ஒரு தடவை பஸ்ஸில் இறங்க வேண்டும் என்பதற்குக் கொழும்பு வழக்கில் 'இறக்கம்' என்று சொல்லி நின்றேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

இரண்டு நாட்டிலும் காசுக்குப் பெயர் ஒன்றுதான். அதுதான் பெரிய ஏமாற்று. நான் வந்த புதிதில் ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு என்று மனதிலேயே பெருக்கிக்கொள்வேன். பிறகு நெருக்கடி வந்த வருடம் நாலையும் தாண்டிப் போய் இறங்கியது. ஒரு கிலோ அரிசி வாங்கினாலும், இது ஊரில் எவ்வளவு என்று வகுத்துப் பார்க்காமல் எனக்குக் கை நீளாது. ஊரில் ஒரு டீ குடித்தாலும் பெருக்கிப் பார்ப்பேன். இருபத்தாறு வருடமாக இந்த வாய்ப்பாட்டிலேயே என் மூளை தேய்ந்துவிட்டது.

அதனால் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. அதில் ஊர்க் காசு இருக்கும். அதைத் தொட யாருக்கும் அனுமதியில்லை. என் மகள் ஷெரின் அதற்கு 'அப்பாட மியூசியம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். சின்ன வயதில் அதைத் திறந்து, காந்தி படத்தைக் காட்டி, "இது யாருடா?" என்று கேட்டால் சரியாகச் சொல்வாள். இப்போது கேட்டால், "அப்பா ப்ளீஸ்" என்று காதில் மாட்டியதைக் கழற்றாமலே சொல்கிறாள்.

அந்த டின்னில் இருந்தது, டீக்குடித்த மிச்சச் சில்லறை போக, நான் மாற்றிய காசு இல்லை. அக்கா கொடுத்தது.

3

எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. திரேஸ்புரத்தில் இருந்த வீட்டையும் விற்றாகிவிட்டது. அக்காவுக்கு நான், எனக்கு அக்கா. அத்தான் வீட்டார் லாஞ்சு வைத்திருந்த வசதியான குடும்பம். அத்தான் போன பிறகும் அவள் அந்த வீட்டில் மரியாதையாகத்தான் இருந்தாள்.

நான் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் அவள் ஒரு காரியம் செய்வாள். பெட்டி படி இறங்கி, கார் கதவு திறந்து, நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலேயே வந்து என் வலது கையைப் பிடித்து உள்ளங்கையில் ஒரு நோட்டை வைத்து விரலை மூடிவிடுவாள்.

"யக்கா, என்னத்துக்கு இதெல்லாம்? நான் என்ன சின்னப் பையனா?"

"ஏலே, பேசாம வச்சிக்க. அடுத்த தடவ மதுரையில எறங்கி வண்டிக்குக் காசு மாத்தணும், அது மாத்தணும், இது மாத்தணும்னு சாக்குச் சொல்லக் கூடாது பாத்துக்க. எறங்குன ஒடன வண்டியப் பிடிச்சி வா."

திரும்பி வருவதற்கான வண்டிக் கூலி. முதலில் நூறும் இருநூறுமாக இருந்தது, பிறகு ஐந்நூறு ஆனது. ரோஸ் நிறத்தில் இரண்டாயிரம் ரூபாய் நோட்டு வந்த பிறகு அவளுக்குப் பெரிய வசதியாகிவிட்டது. ஒரே நோட்டு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மதுரையிலிருந்து வண்டிக்கும் அநேகமாகச் சரியாக இருக்கும்.

நான் ஒரு வீம்பன். அவள் கொடுத்ததை வைத்துக்கொண்டு ஒரு தடவைகூட வண்டி பிடித்ததில்லை. கொழும்புச் செட்டியார் தெருவில் நானே காசு மாற்றி, அதில்தான் வண்டிக்குக் கொடுப்பேன். கொழும்பில் வேலை பார்க்கிறவன் அக்கா காசில் காரில் வந்து இறங்கினான் என்று இருக்கக் கூடாது பாருங்கள். அவள் நோட்டைக் கொண்டுவந்து டின்னில் போட்டுவிடுவேன். முந்தின சின்ன நோட்டுகளெல்லாம் ஊருக்குப் போன தடவைகளில் அன்டனுக்கே தின்பண்டமாகத் தீர்ந்தன; மிஞ்சிச் சேர்ந்தவை ஆறு ரோஸ் நோட்டு.

கார் கதவை மூடுமுன் அவள் கடைசியாகக் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "எப்ப வருவ?"

"ஈஸ்டருக்கு வாரேங்கா." இல்லாவிட்டால், "மாதா திருநாளுக்கு வாரேன்." இல்லாவிட்டால் கிறிஸ்மஸ். சொன்னதில் பாதிக்குப் பாதி போகவில்லை. முதலாளி லீவு தரவில்லை, ஷெரினுக்குப் பரீட்சை, விசா கட்டணம், ஏதாவது ஒன்று. சொல்கிற நேரத்தில் எனக்குப் பொய்யென்று தோன்றாது. அதுதான் என் வியாதி.

ஆறாவது நோட்டை அவள் கையில் வைத்தபோது நான் சொன்னது கிறிஸ்மஸ். அந்தக் கிறிஸ்மஸுக்குப் போகவில்லை. அடுத்து கொரோனா வந்தது. அதற்கடுத்து இங்கே நெருக்கடி வந்து, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் தெருத்தெருவாக நின்றோம். விமான டிக்கெட் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. இதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இருந்ததே, அதற்கு என்ன காரணம் சொல்வேன்?

4

ரோஸ் நோட்டைத் திரும்ப வாங்குகிறார்கள் என்ற செய்தி வந்த அன்றே அக்கா போன் செய்தாள்.

"தம்பி, உன்ட்ட நான் தந்த நோட்டெல்லாம் கெடக்கா?"

"கெடக்கு."

"பேங்க்ல கொண்டு குடுக்கணுமாம்லா. தேதி சொல்லியிருக்கான். ஒரு எட்டு வந்து மாத்திட்டுப் போயேன். அந்தச் சாக்குலயாவது வாயேன்."

"அடுத்த மாசம் வாரேங்கா."

அடுத்த மாதமும் கூப்பிட்டாள். "வரியா?" "வாரேன்." அதற்கடுத்த மாதம், "வர முடியலன்னா யார்ட்டயாவது குடுத்து விடு, அன்டன் மாத்தட்டும்" என்றாள். யாரிடமாவது கொடுத்துவிடுவதா? நான் என்ன ஆறு நோட்டை மாற்ற வழியில்லாதவனா? வீம்பு விடவில்லை. "நானே வாரேங்கா" என்றேன்.

தேதி முடிந்தது. அதற்குப் பிறகு அவள் அந்த நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'எப்ப வருவ' என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். சாப்பிட்டியா, பாப்பா படிக்குதா, மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

5

போன வருடம் ஒரு போயா நாள் காலை. போயா என்றால் இங்கே பௌர்ணமி விடுமுறை. பேங்க் கிடையாது, முக்கால்வாசிக் கடை கிடையாது, செட்டியார் தெருவில் காசு மாற்றுகிறவர்கள் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆறரை மணிக்கு அன்டன் கூப்பிட்டான். "மாமா" என்றான். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான்.

விடியற்காலையில் பாத்ரூமுக்குப் போன அக்கா அங்கேயே விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது. "சாயங்காலம் நாலு மணிக்குக் கோயில்ல பூசை மாமா. பெரியப்பா சொல்லிட்டாங்க. நீங்க எப்படியாவது வந்திருங்க. கோடி போடணும்லா."

கோடி போட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் இறந்தால், பெட்டியை மூடுமுன் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வந்து அவள் மேல் விழ வேண்டும். அண்ணனோ தம்பியோ தன் கைக்காசில் எடுத்து, தன் கையால் போர்த்த வேண்டும். புகுந்த வீட்டார் எத்தனை பட்டுப் போர்த்தினாலும் அந்த ஒன்று வரவில்லையென்றால் அவள் நாதியற்றவள் என்று அர்த்தம். புகுந்த வீட்டுக் காசு அதில் ஒரு பைசா கலக்கக் கூடாது. அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

ரெஜினா டிக்கெட்டுக்கு ஓடினாள். வீட்டிலிருந்த இலங்கைக் காசில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன எடுப்பதென்று தெரியாமல் நின்றேன். ஷெரின் தூக்கக் கலக்கத்தில் வந்து, "லைவ் போடுவாங்கதானே அப்பா? போய்ச் சேர முந்தி முடிஞ்சிட்டா என்ன செய்யிறது?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்கு அத்தை என்பது வருடம் நாலு தடவை போனில் 'பாப்பா' என்று கூப்பிடும் ஒரு குரல். அவளை அப்படி வளர்த்தவன் நான்தான். இருந்தாலும் ஒரு சத்தம் போட்டேன். அவள் அழுதுகொண்டு உள்ளே போனாள்.

பிஸ்கட் டின்னை அப்படியே பெட்டிக்குள் கவிழ்த்தேன். ஆறு ரோஸ் நோட்டு, பன்னிரண்டாயிரம். அது போக நான் மாற்றிய காசில் டீக்குடித்த மிச்சச் சில்லறை நோட்டுகள். ரோஸ் நோட்டு சட்டப்படி இன்னும் செல்லும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். செல்லும்தான். அக்கா காசு, அக்காவுக்கே ஒரு பட்டுச்சேலை எடுத்துவிடலாம், அதுவும் ஒரு கணக்குத்தான் என்று காரில் போகும்போது நினைத்தேன். அழுகைக்கு நடுவிலும் புத்தி இப்படியெல்லாம் கணக்குப் போடுகிறது பாருங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் காசு மாற்றும் கவுண்டரில் கேட்டேன். இந்திய நோட்டு இருப்பில்லை என்றார்கள். டொலர் வேண்டுமானால் அந்த வரிசை, அந்த ஃபாரம், பாஸ்போர்ட் பிரதி. எனக்கு முன்னால் பதினைந்து பேர் நின்றார்கள். அதற்குள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஓடினேன்.

மதுரையில் இறங்கி அங்கேயும் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் இலங்கை நோட்டைப் பார்த்து, "இது நாங்க எடுக்கறதில்ல சார்" என்றான். ரோஸ் நோட்டை நீட்டினேன். அதை அவன் கையால்கூடத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த பணம் எடுக்கும் மெஷினில் கொழும்பு பேங்க் அட்டையைச் செருகினேன். வெளிநாட்டில் பயன்படுத்துவதென்றால் முன்கூட்டியே பேங்க்குக்குச் சொல்லித் திறந்து வைத்திருக்க வேண்டுமாம். நான் சொல்லவில்லை. போயா நாளில் சொல்லவும் ஆள் இல்லை. மெஷின் அட்டையைத் திருப்பித் துப்பியது.

ஒரு மணி நேரத்தில் கடலைத் தாண்டி வந்துவிட்டேன். கையில் இரண்டு நாட்டுக் காசு இருந்தது. ஒரு பாட்டில் தண்ணீருக்கு அந்த மிச்சச் சில்லறையை உடைக்கத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

6

அன்டன் வண்டி அனுப்பியிருந்தான். டிரைவர் பெயர் செல்வின். வழியெல்லாம் அவன் போனுக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. "ஆமா, ஏறிட்டாங்க. அருப்புக்கோட்டை தாண்டிட்டோம். எட்டயபுரம் வந்தாச்சி." ஊருக்குள் நுழையும்போது இரண்டரை மணி. "அண்ணாச்சி, நேரா வீட்டுக்கா?" என்றான். "முதல்ல ஜவுளிக்கடைக்கு விடு" என்றேன். அவனுக்கும் புரிந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை முன்னால் நிறுத்தினான்.

அக்காவுக்குப் பிடித்தது மாம்பழக் கலர். அந்தக் கலரில் சிவப்புக் கரை போட்ட ஒரு பட்டு இருந்தது. ஆறாயிரத்து எண்ணூறு. நாலு நோட்டைக் கல்லாவில் வைத்தேன்.

பில் போடுகிற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "அண்ணாச்சி, இங்கன பாருங்க, ரோஸ் நோட்டு! நான் பாத்தே எவ்வளவு நாளாச்சி!" என்று சிரித்தாள். சேலை மடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பார்க்க வந்துவிட்டார்கள். ஒருத்தி போனில் படம் எடுக்கப் போனாள்.

கடைக்கார அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி எங்கேருந்து வாரிய?"

"கொழும்பு."

"இத்தன நாள் இது எங்க கெடந்துச்சி?"

"சட்டப்படி செல்லும் அண்ணாச்சி."

"செல்லும்யா. சட்டம் வந்து என் கல்லாவுல உக்காந்து மாத்திக் குடுக்குமா? இத வாங்கி நான் என்ன செய்ய? போன்ல போட்டு விடுங்க."

"எனக்கு இந்த ஊர் நம்பர் இல்ல." இலங்கைக் காசை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, விளையாட்டுச் சீட்டை நீட்டின மாதிரி இருந்தது. பிறகு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, குரலை இறக்கி, "என்ன காரியத்துக்கு எடுக்கிய?" என்று கேட்டார்.

"அக்காவுக்குக் கோடி."

கடையில் சிரிப்பு நின்றது. அந்தப் பெண் நோட்டைக் கல்லாமேல் மெதுவாக வைத்தாள்.

"செல்லுத காசு கையில எவ்வளவு இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

பையைத் துழாவினேன். டீக்குடித்த மிச்ச நோட்டுகள். நூறு நாலு, ஐம்பது ஒன்று, பத்து இரண்டு. நானூற்று எழுபது.

"ஏளா, அந்த நூல் சேல கட்ட எடு" என்றார். சின்னக் கட்டம் போட்ட மஞ்சள் நூல் சேலை. "நானூத்தி இருவது. கோடிக்குப் பட்டு எதுக்குய்யா? குழிக்குள்ள போறது. ஒங்க காசுல ஒரு சேல, அதான வேணும். எடுத்துக்கிட்டு ஓடுங்க, மணி ஆகுது."

அந்தச் சேலையைக் கையில் வாங்கினேன். மொடமொடவென்று கஞ்சி வாசனை அடித்தது. மாம்பழக் கலர் இல்லை, ஆனாலும் மஞ்சள்தான். காசையும் எண்ணி எடுத்துவிட்டேன். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

அப்போது பெரியத்தான் ஞாபகம் வந்தது. அத்தானின் அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அன்டன் பெரியப்பா என்கிற ஆள். வாய் பெரிது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கோடியையும் விரித்துக் காட்டச் சொல்லி, இது யார் போட்டது, என்ன விலை என்று கேட்பார். கொழும்புத் தம்பி ஐந்தாறு வருடம் கழித்து வந்து நானூற்று இருபது ரூபாய்ச் சேலையை விரித்தான் என்றால் மூன்று தலைமுறைக்குப் பேசுவார். அக்காவுக்குத்தான் அவமானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவுக்காம்! எனக்கென்று சொல்ல வாய் வரவில்லை.

செல்வினின் போனை வாங்கி அன்டனைக் கூப்பிட்டேன். "அன்டா, மாமாவுக்கு ஒரு சின்ன சிக்கல்…"

அவன் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "கடைக்காரர்ட்ட நம்பர் கேட்டுச் சொல்லுங்க மாமா." அரை நிமிடத்தில் கல்லாப் பக்கத்து டப்பா, ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய் வந்துவிட்டதென்று சத்தமாகச் சொன்னது. தாய் பெட்டிக்குள் கிடக்க, அவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடியை அவள் மகனே வாங்கிவிட்டான்.

அண்ணாச்சி நூல் சேலையை மடித்து உள்ளே வைத்தார். பட்டைப் பையில் போட்டுத் தந்தார்.

7

வீட்டு வாசலில் நான் இறங்கியதுமே பெரியத்தான் குரல் கேட்டது. "பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சி, வழி விடுங்க!"

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். முகம் கொஞ்சம் வீங்கி, நெற்றியில் ஒரு சின்னக் காயத்தோடு, கையில் ஜெபமாலை சுற்றிக் கிடந்தாள். அக்கா என்று கூப்பிட்டேன்.

பட்டை விரித்துப் போர்த்தினேன். பெரியத்தான் ஜரிகையைப் பிடித்துப் பார்த்தார். "நல்ல கனம். தம்பி கொறை வைக்கலப்பா. கொழும்புலேருந்து வந்து பட்டுல்லா போட்டிருக்கான்." கூடியிருந்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு தலையாட்டினார்கள். "குடுத்து வச்ச மகராசி. கூடப் பொறந்தவன் கையால பட்டு வாங்கிட்டுப் போறா" என்று ஒருத்தி ஒப்பாரியில் சேர்த்துப் பாடினாள்.

பெட்டிக்கு அந்தப் பக்கம் அன்டன் நின்றான். அவனைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பார்த்தேன். அவன் தன் அம்மா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பணத்தை அவன் அப்போதே மறந்திருப்பான். அவனுக்கு அது ஒன்றுமே இல்லை.

பெட்டியை மூடினார்கள். இத்தனை பேருக்கு நடுவில், பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் போகிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். சட்டைப்பையில் நானூற்று எழுபது ரூபாய் அப்படியே இருந்தது.

8

இதை எழுதத் தொடங்கிய அன்று செட்டியார் தெருவுக்குப் போனேன். இந்தத் தடவை வேலை நாளாகப் பார்த்து, பாஸ்போர்ட் பிரதி எடுத்து, டிக்கெட் விலையும் விசாரித்து, பேங்க்கில் அட்டையையும் திறக்கச் சொல்லிவிட்டுப் போனேன். புது ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்று வாங்கினேன். எவ்வளவு கொண்டுபோகலாம், எவ்வளவு கூடாது என்று அந்தக் கடைக்காரன் எனக்குச் சொல்லித் தந்தான். இருபத்தாறு வருடமாகக் கடலைத் தாண்டுகிறவனுக்கு! பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன்.

கட்டைக் கொண்டுவந்து டின்னில் வைத்தேன். அதில் ஆறு ரோஸ் நோட்டும் நானூற்று எழுபதும் இன்னும் கிடக்கின்றன. ஷெரின் பார்த்துவிட்டு, "இவ்வளவு சல்லி எதுக்கு அப்பா? அன்டன் அண்ணா ஒண்டும் வேணாம்னு சொன்னாரே?" என்றாள். இந்தத் தடவை கையில் எல்லாம் சரியாக இருக்கிறது. வாங்க வேண்டிய பொருள்தான் ஒன்றும் இல்லை.

அன்டனுக்கு இன்னும் பதில் போடவில்லை. 'வாரேன்' என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதி எழுதி அழிக்கிறேன்.

9

போன வருடம், அடக்கம் முடிந்த மறுநாள் காலையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. கடையில் இரண்டு நாள்தான் லீவு. கிளம்புமுன் அன்டனைத் தனியாகக் கூப்பிட்டு ஆறு நோட்டையும் நீட்டினேன்.

"சேலைக் காசு அன்டா."

"ஐயோ, என்ன மாமா நீங்க." அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "இத மெட்ராஸ் ரிசர்வ் பேங்க் ஆபீசுக்குத் தபால்ல அனுப்பி, ஆதார் காப்பி வச்சி… உங்கள்ட்ட ஆதாரும் இல்லல்லா? விடுங்க மாமா. நம்ம வீட்டுப் பணந்தான."

நம்ம வீட்டுப் பணம் என்றான். அன்பாகத்தான் சொன்னான். அவன் வீடு அது. அவன் அப்பா வீடு. அந்த வீட்டுப் பணம் அதில் கலக்கக் கூடாது என்பதற்காகத்தானே அவளுக்குத் தம்பி என்று ஒருவனைப் பெற்றுப்போட்டிருந்தார்கள். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வாசலில் செல்வின் காரைத் திருப்பி நிறுத்தியிருந்தான். பெட்டி ஏறியது. நான் குனிந்து செருப்பு மாட்டினேன். மாட்டி நிமிர்ந்தபோது என் வலது கை தானாகவே பின்பக்கம் நீண்டு, உள்ளங்கை விரிந்திருந்தது. இருபத்தைந்து வருடப் பழக்கம். அதை நான் கவனிக்கவே இல்லை.

பின்னால் வந்த அன்டன் கவனித்தான். மாமா கை கொடுக்கிறார் என்று நினைத்து, அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவன் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். நான் ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிக் கதவை மூடினேன். அக்கா வீட்டு வாசலில் பொய் சொல்லாமல் நான் கிளம்பியது அந்த ஒரு நாள்தான்.